“சும்மா கலாய்த்தோம்” என்கிறான் மகன்

கேள்வி:

என் மகனுக்கு 14 வயது. திண்டுக்கல் அருகே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளியிலிருந்து எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இவனும் இன்னும் இரண்டு பையன்களும் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் வகுப்பின் பெயரில் ஒரு ட்ரோல் பக்கம் நடத்துகிறார்களாம். கூடப் படிக்கும் ஒரு பையனின் குரலை எடுத்து, மியூசிக் சேர்த்து, ரீல்ஸ் ஆக்கி அதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையனுக்குப் பேச்சு திக்கும். வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் அனுப்பிய வாய்ஸ் நோட் அது. அவன் முகத்தை வெட்டி ஸ்டிக்கரும் செய்திருக்கிறார்கள். பத்து நாளாக அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. ஆறாம் வகுப்பில் இருவரும் ஒரே சைக்கிளில் டியூஷன் போனவர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான்.

என் கணவர் மகனை பெல்ட்டால் அடித்துவிட்டார். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். அவர் கலகலப்பான மனிதர், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துச் சிரிக்க வைப்பார். இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மகனோ, “சும்மா கலாய்த்தோம், எல்லாரும்தான் சிரித்தார்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். தங்கைக்குச் சோறு ஊட்டிவிடுகிற பிள்ளை அவன். ஏழாம் வகுப்பில் இவனையே எல்லாரும் ‘உருண்டை’ என்று கூப்பிட, அழுதுகொண்டு வருவான். அவனா இப்படி? போன்தான் காரணமா? நாங்கள் எங்கே கோட்டை விட்டோம்? போலீஸ் கேஸ் ஆகுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சீண்டலுக்கு ஆளான பிள்ளைகளின் பெற்றோர் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். சீண்டிய பிள்ளையின் பெற்றோர் எழுதுவது அபூர்வம். ‘மற்ற இரண்டு பையன்கள்தான் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு வரிகூட எழுதாமல், பள்ளிக்கு வராத அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. போன்தான் பீரோவில் இருக்கிறது, அந்த இன்ஸ்டா பக்கம் மற்ற இருவர் கையில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கே மகனை அருகில் வைத்துக்கொண்டு போனைத் திறங்கள். போட்டதை எல்லாம், கமெண்டுகள் உட்பட, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தனியாக வையுங்கள். பள்ளியோ அந்தப் பையனின் பெற்றோரோ கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். மறைப்பதற்காக அழித்தார்கள் என்ற பேச்சும் வராது. அதன் பிறகு ரீல்ஸை அவன் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டு வீட்டுப் பெற்றோரிடமும் நீங்களே பேசி, கணக்கையே மூட வையுங்கள்.

சரி, ‘அவனா இப்படி’ என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதிலில் பாதி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் அவனை ‘உருண்டை’ என்றார்கள், அழுவான் என்கிறீர்கள். இப்போதும் யாராவது அப்படிக் கூப்பிடுகிறார்களா என்று அவனிடம் கேளுங்கள். இல்லை என்பான் என்றுதான் நினைக்கிறேன். எப்போது நின்றது, எப்படி நின்றது என்று அடுத்துக் கேளுங்கள். வகுப்பு சிரிப்பதற்கு வேறொரு ஆள் கிடைத்தபோது நின்றிருக்கும். அந்த ஆளைக் கைகாட்டியவன் இவனாகவே இருக்கலாம்.

சீண்டலுக்கு ஆளான பிள்ளைகளில் சிலர் பிறகு தாங்களே சீண்டுகிறவர்களாக மாறுவதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். பட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரியாதா என்று நமக்குத் தோன்றும். தெரியும். ஆனால் பட்ட காலத்தில் அவன் கற்றுக்கொண்டது அது மட்டுமில்லை. சிரிக்கிற கூட்டத்தில் இடம் பிடித்துவிட்டால் தன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதையும் அதே காலத்தில்தான் கற்றுக்கொண்டான்.

அமெரிக்காவில் ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லி என்ற இரண்டு சமூகவியலாளர்கள், பள்ளிப் பிள்ளைகளில் யாருக்கு யார் நண்பர், யார் யாரைச் சீண்டுகிறார்கள் என்று வரைபடமே போட்டுப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளைக்குச் செல்வாக்கு ஏற ஏறச் சீண்டலும் ஏறியது. உச்சியில் இருந்த ஒரு சிலரிடம் மட்டும் குறைந்தது. அவர்களுக்கு நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை. சீண்டுகிற பிள்ளை என்றால் யாரோடும் ஒட்டாத முரட்டுப் பையன் என்றுதான் நாம் நினைக்கிறோம். உங்கள் மகனைப் போல, நடுவிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளை நம் கண்ணில் படுவதே இல்லை. இணையச் சீண்டலைத் தனியாக எடுத்துக்கொண்டு இதே இருவர் பின்னர் செய்த ஆய்வில், நட்பு இல்லாத சக மாணவர்களைவிட நண்பர்களுக்குள்ளும், காதலித்துப் பிரிந்தவர்களுக்குள்ளும்தான் அது பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

ஒரே சைக்கிளில் போன பையனையா என்று நீங்கள் அதிர்ந்துபோயிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் எங்கே தொட்டால் வலிக்கும் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தன்னையும் சேர்த்து ஓட்டுவார்கள் என்ற பயமும் உள்ளே இருந்திருக்கும். அவன்மேல் உங்கள் மகனுக்குப் பகை ஒன்றும் இருக்காது என்றே நம்புகிறேன். பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேர்தான் அவனுக்கு முக்கியமாக இருந்தார்கள்.

அந்த மாதிரி ரீல்ஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று நீங்களும் உங்கள் கணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்ஸ் நோட்டை எடிட்டிங் செயலியில் ஏற்றினால் குரல் ஏற்ற இறக்கமாக ஒரு நீளக் கோடாகத் திரையில் தெரியும். திக்கும் இடத்தில் ஒரே மாதிரி சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக நிற்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பீட்டில் சரியாக விழும்படி பல தடவை ஒட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் தாளம் தப்பும். அது சரியாக வரும்வரை அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆத்திரத்தில் வாய் தவறி வந்த வார்த்தை கிடையாது இது. உட்கார்ந்து, பொறுமையாக, நேரம் செலவழித்துச் செய்த வேலை. அத்தனை தடவை கேட்டும் நண்பன் ஒரு சொல்லை வெளியே கொண்டுவரப் படும் பாடு அவனுக்கு உறைக்கவில்லை. தாளம் சேர்ந்ததா, எத்தனை பேர் சிரிப்பு எமோஜி போடுவார்கள் என்பதில்தான் மனம் முழுக்க இருந்திருக்கிறது.

இந்த வயதில் சக பிள்ளைகளின் பாராட்டுக்கு எவ்வளவு இழுப்பு இருக்கிறது என்பதை ஸ்கேன் கருவியிலேயே பார்த்திருக்கிறார்கள். 2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தபடியே இன்ஸ்டாகிராம் போன்ற ஒன்றைக் காட்டினார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்ததைக் கண்டதும், பரிசு கிடைக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி அவர்களுக்குச் சுறுசுறுப்பானது. மற்றவர்களின் படங்களில், ஏற்கெனவே அதிக லைக் இருப்பதாகக் காட்டியவற்றுக்கே இவர்களும் லைக் போட்டார்கள். மது, சிகரெட் இருந்த படங்களிலும் அப்படித்தான். பாராட்டுக்கு ஏங்குவது வியாதி இல்லை, அந்த வயதின் இயல்பு. மேடையில் பாடியோ கபடி ஆடியோ அதைச் சம்பாதிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்குச் சுலபமாகக் கைக்கெட்டிய வழி இது.

அடுத்தது, அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தச் சமாதானம். ‘சும்மா’ என்றதும் செய்தது சின்ன விஷயமாகிவிட்டது. ‘கலாய்த்தோம்’ என்றதும் பொறுப்பை மூன்றாகப் பங்கு போட்டாயிற்று. ‘எல்லாரும் சிரித்தார்கள்’ என்றதும் வகுப்பே உடந்தை. பத்து நாளாக வீட்டுக்குள் கிடக்கும் பையன் அவன் பேச்சில் எங்குமே இல்லை. நல்லது கெட்டது நன்றாகத் தெரிந்தவர்களும் மனசாட்சியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்க இப்படிச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா விரிவாக எழுதியிருக்கிறார். 2014-ல் ராபின் கோவால்ஸ்கியும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இணையத்தில் சீண்டும் பிள்ளைகளிடம் வலுவாகத் தெரிந்தவை இரண்டு. மனசாட்சியை இப்படி ஒதுக்கி வைப்பது ஒன்று. ‘இதெல்லாம் சகஜம்தானே’ என்ற எண்ணம் இன்னொன்று.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், உங்கள் கணவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவருக்கு வீட்டில் கிடைக்கும் மவுசைப் பார்த்துத்தான் பிள்ளை வளர்ந்திருக்கிறான். கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய் என்று தொலைக்காட்சிக் காமெடியிலும் இதையே பார்க்கிறான். சில வகுப்பறைகளில் ஆசிரியரே ஆரம்பித்து வைக்கிறார், அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். உங்கள் கணவர் பட்டப்பெயர் வைக்கும் மைத்துனர் பதிலுக்கு ஒன்று வைத்துவிட்டுச் சேர்ந்து சிரிக்கலாம். அந்தப் பையனால் அது முடியாது, முடியாது என்பதை வைத்துத்தான் அந்த ரீல்ஸே செய்யப்பட்டிருக்கிறது. நார்வேயின் டான் ஓல்வியஸ் பள்ளிச் சீண்டலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவர்மேல் செய்வது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் அவர் சீண்டலை அடையாளம் கண்டார். இணையத்தில் ஒரே தடவை போட்டாலும் போதும், ஒவ்வொரு ஷேரிலும் அது இன்னொரு தடவை நடக்கிறது. விளையாட்டு எங்கே முடிகிறது என்பது 14 வயதில் தானாக விளங்கிவிடாது. அதை அப்பா சொல்வது நல்லது, தன்னுடைய வழக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

போன்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. நேரில் எந்தச் சீண்டலும் இல்லாமல் இணையத்தில் மட்டும் சீண்டப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பையனையும் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் பின்பெஞ்சில் முதலிலேயே சிரித்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். ஆனாலும் போன் சும்மா இருக்கவில்லை. நேரில் ஒருவனைக் கிண்டல் செய்யும்போது அவன் கண் கலங்கினால் கை தானாக நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. உங்கள் மகன் அந்த ரகம் என்றே நினைக்கிறேன். திரையில் அந்த முகம் கிடையாது. ஆசிரியரும் இல்லை, அந்த இன்ஸ்டா பக்கத்தின் பெயரில் தன் பெயரும் இல்லை. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-லேயே இந்தக் கூச்சமின்மையைப் பற்றி எழுதினார். ஸ்டிக்கர் இன்னும் மோசம். ஒருவர் சேமித்துக்கொண்டால், அனுப்பியவன் அழித்தாலும் அது அவர் போனில் இருக்கும். நாளைக்கு யாராவது ‘பசிக்குது’ என்று அனுப்பினால், பதிலுக்கு அந்தப் பையனின் முகம் வந்து விழும்.

உங்கள் ஒரு வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைத்து ஒடுங்கிப்போக வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 44 நாடுகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, இணையத்தில் தாங்கள் மற்றவரைச் சீண்டியதாக ஒப்புக்கொண்டவர்கள் 12 சதவீதம். எட்டில் ஒருவர். அவர்களுக்கும் உங்களைப் போல அம்மாக்கள் இருக்கிறார்கள்.

பெல்ட் அடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கணவரின் கோபம் நியாயம். ஆனால் அடி விழுந்ததும் பிள்ளையின் யோசனை முழுக்கத் தன் முதுகைப் பற்றியதாகிவிடும், நண்பனைப் பற்றி யோசிக்க இடமிருக்காது. ‘நான் செய்ததற்குத்தான் அடி வாங்கிவிட்டேனே’ என்று கணக்கை நேர்செய்துகொள்வான். வலுவுள்ளவன் வலுவில்லாதவனை வலிக்கச் செய்யலாம் என்பதுதான் அவன் ஏற்கெனவே கற்றிருக்கும் தவறான பாடம், பெல்ட் அதை உறுதி செய்கிறது. அப்பா அவனிடம் உட்கார்ந்து, “அடித்தது தப்பு. ஆனால் நீ செய்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லட்டும்.

அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்டால் ‘சும்மா’ என்ற பதில்தான் வரும். நடந்ததை வரிசையாகக் கேளுங்கள். வாய்ஸ் நோட்டை முதலில் எடுத்தது யார்? எங்கே உட்கார்ந்து எடிட் செய்தாய்? போட்டதும் முதலில் கமெண்ட் போட்டது யார்? அந்தப் பையன் பார்த்தான் என்று உனக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை? கடைசிக் கேள்விக்கு அவன் நிறைய நேரம் மௌனமாக இருப்பான். இருக்கட்டும், நீங்கள் பதில் எடுத்துக்கொடுக்காதீர்கள். முடிந்ததும், எடிட் செய்யாத அந்த வாய்ஸ் நோட்டை, மியூசிக் இல்லாமல், ஒரே ஒரு தடவை அவனையே போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் கேட்கிற ஒரு பையனின் குரல், அவ்வளவுதான் அது.

பழத்தட்டோடு மகனையும் கூட்டிக்கொண்டு திடீரென்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். நம் ஊரில் அதுதான் வழக்கம், நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் வந்தவர்களை உட்காரச் சொல்லி, ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயத்தில் அவர்களை வைக்கிறோம். முதலில் நீங்களும் கணவரும் மட்டும் பள்ளி மூலமாகப் பேசுங்கள். மகன் தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும். என்ன செய்தேன் என்பதை மழுப்பாமல் எழுத வேண்டும். ‘உன் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற இழுவை கூடாது. அதை வாங்குவதும் வாங்காமல் இருப்பதும் அந்தப் பையனின் விருப்பம். இருவரையும் தலைமையாசிரியர் அறையில் நேருக்கு நேர் உட்கார வைத்துக் கைகுலுக்க வைக்கும் யோசனை வந்தால், அந்தப் பையன் கேட்டாலொழிய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது அடுத்தது. தப்பு பார்வையாளர்கள் முன்னால் நடந்தது, திருத்தமும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். வாய்ஸ் நோட்டை எடுத்த அதே வாட்ஸ்அப் குரூப்பில், அந்தப் பையனின் பெயரை இழுக்காமல், உங்கள் மகன் எழுதட்டும்: “அந்த ரீல்ஸையும் ஸ்டிக்கரையும் செய்ததில் நானும் ஒருவன். செய்தது தப்பு. வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். இனி அனுப்பாதீர்கள்.” எழுதுவதற்கு முன் அந்தப் பையன் வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மகன் இதற்குத்தான் அதிகம் பயப்படுவான், கடிதம்கூட எழுதிவிடுவான். சம்பாதித்த மதிப்பை அவன் இறக்கி வைக்கும் இடம் இது என்பதால்தான் வற்புறுத்துகிறேன். வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள், மூன்று பையன்களைத் தண்டிப்பதோடு விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளில் யாராவது குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆனால் குறுக்கிட்டவர்கள் மிகக் குறைவு. உங்கள் பிள்ளையின் வகுப்பில் அந்த ரீல்ஸைப் பார்த்துப் பிடிக்காமல் பேசாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆசிரியர் பேச வேண்டியது அவர்களிடம்.

கேஸ் ஆகுமா என்றால், புகார் கொடுக்க அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. கொடுக்க வேண்டாம் என்று ஆள் வைத்துப் பேசாதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை என்பதால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அது இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் போகும். அந்தச் சட்டம் பிள்ளையைத் திருத்துவதையே நோக்கமாக வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மகனிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: அந்தப் பக்கத்திலோ குரூப்பிலோ யாருடைய முகத்தையாவது ஆபாசப் படத்தோடு ஒட்டி யாராவது போட்டிருக்கிறார்களா? இப்போது ஏஐ செயலிகளில் இதைச் செய்வது பிள்ளைகளுக்கும் எளிதாகிவிட்டது. அப்படி ஏதாவது இருந்தால் விஷயமே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் போக்சோவும் வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

போனை என்றைக்கும் கொடுக்காமல் இருக்க முடியாது. குரூப்பில் எழுத வேண்டியதை எழுதிய பிறகு, சில வாரங்கள் கூடத்தில் வைத்து மட்டும் பயன்படுத்தட்டும். இரவு அது உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். ஒளிந்து உளவு பார்க்காதீர்கள், பார்ப்பேன் என்று சொல்லிவிட்டே பாருங்கள்.

ஒன்றுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். குரூப்பில் அப்படி எழுதியதும் மற்ற இரண்டு பேரும் இவனைக் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். ‘உருண்டை’ திரும்பி வரலாம். ஏழாம் வகுப்பில் அழுதபோது வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ‘கண்டுக்காதே’ என்று சொல்லியிருந்தால், இந்தத் தடவை அப்படிச் சொல்லாதீர்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதியோடு குறித்து வைத்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன. மகன் தூங்காமல், சாப்பிடாமல் சுருண்டால் 14416-ல் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இந்த எண்களை அந்தப் பையனின் பெற்றோரிடமும் கொடுங்கள். அவர்களுக்குத்தான் இப்போது அதிகம் தேவைப்படும்.